சங்கரன்கோவிலில் ஒரு ஹோஸ்டா

அந்தச் செடியை முதலில் பார்த்தபோது யாரோ இலைக்குச் சாயம் பூசி வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். அயர்லாந்தில் ஒரு சின்ன ஊர். என் மனைவிக்கு அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. அவள் போய் ஒரு வருஷம் கழித்து நானும் போய்ச் சேர்ந்தேன். நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்வாசலில், வெயிலே எட்டாத வடக்குச் சுவரோரம், முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன மண்தொட்டி ஒன்று கிடந்தது. அதில் தாம்பாளம் அகலத்துக்கு இலைகள், ஒன்றின் மேல் ஒன்றாகக் கவிழ்ந்து, நீலமாக.

வானத்து நீலம் இல்லை. எருக்கிலையின் மேல் வெள்ளையாகப் பூத்திருக்குமே, அந்த மாவில் சொட்டு நீலம் ஒரு துளி கலந்தால் எப்படியிருக்கும், அப்படி. நான் ஓர் இலையைப் பெருவிரலால் தேய்த்தேன். தேய்த்த இடம் பச்சையாகிவிட்டது.

"தொடாதீங்க! கை பட்டா நீலம் போயிரும்" என்று என் மனைவி உள்ளேயிருந்து கத்தினாள். அவளுக்கு இது ஏற்கெனவே தெரிந்திருந்தது. பேர் ஹோஸ்டா என்றும், இலை உள்ளுக்குள் பச்சைதான், மேலே படிந்திருக்கும் மெழுகுதான் நீலம் என்றும் சொன்னாள். மழை அடித்துப் பெய்தாலே கொஞ்சம் கரையும், வெயில் பட்டால் உருகும். தண்ணீர் ஊற்றும்போதுகூட இலையை ஒதுக்கிவிட்டுத் தூரில்தான் ஊற்றுவாள். வேலையிலிருந்து வந்ததும் காலணியைக்கூடக் கழற்றாமல் பின்வாசலுக்குப் போய், ஓடில்லாத நத்தைகளை ஒரு பழைய கரண்டியால் வழித்து எடுப்பாள். ஒரே ஒரு நத்தை போதும், ஒரு ராத்திரியில் இலையைச் சல்லடை ஆக்கிவிடும். முட்டை ஓட்டை நொறுக்கித் தொட்டியைச் சுற்றிப் போட்டு வைப்போம். கல்யாணமாகி நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஒரே வீட்டில் இருந்தது அந்தப் பதினாலு மாதம்தான்.

முதல் குளிர்காலத்தில் இலையெல்லாம் மஞ்சளாகி, அழுகிய வாழைத்தோல் மாதிரித் தரையோடு படிந்துவிட்டது. செத்துப்போச்சு என்று தொட்டியைத் தூக்கிக் குப்பையில் கவிழ்க்கப் போனேன். அடுத்த வீட்டில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இருந்தார். மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "அது சாகவில்லை, தூங்குகிறது" என்றார். அவர் பேசும் இங்கிலீஷ் எனக்குப் பாதிதான் விளங்கும். அது முழுசாக விளங்கியது. தொட்டியைத் திரும்ப வைத்துவிட்டேன். பங்குனி வாக்கில் மண்ணைக் கீறிக்கொண்டு ஊதா நிறத்தில் ஏழு முளை வந்தது, கன்றுக்குட்டிக்குக் கொம்பு முளைக்கிற மாதிரி.

அந்த ஏழும் விரிந்து இலையாகியிருந்த சமயத்தில்தான் ஊரிலிருந்து போன் வந்தது. அப்பா குளியலறையில் விழுந்துவிட்டார். வலது பக்கம் வரவில்லை.

அப்பா கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போய் ரொம்ப வருஷம் ஆகிவிட்டது. நான் ஒரே பிள்ளை. வேறு யாரைப் போகச் சொல்ல முடியும்? அவளுக்கு ஆஸ்பத்திரி ஒப்பந்தம் இருந்தது. "நீ இருந்துக்கோ, அப்பா எந்திரிச்சு நடமாடட்டும், வந்துருதேன். மூணு மாசம்தானே" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினேன். அவள் வாசலில் நின்று என் சட்டைக் காலரைச் சரி செய்தாள்.

அப்பா எழுந்திருக்கவில்லை. படுக்கையிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து படுக்கைக்கும் மாறுவதே அவருக்குப் பெரிய பயணமாகிவிட்டது. பேச்சு திரும்பியது. கோபமும் திரும்பியது. கால் திரும்பவில்லை. அயர்லாந்தில் நான் தங்குவதற்கான அனுமதியும் ஒருநாள் காலாவதியாயிற்று. நான் போவதற்கு முன்னால் பார்த்த மோட்டார் காயில் கட்டுகிற வேலையையே பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் மறுபடி பிடித்தேன். காலையில் அப்பாவைக் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து, சர்க்கரைக்கு ஊசி போட்டுவிட்டுப் போவேன். மதியம் வந்து போவேன். என் மனைவி வருஷத்துக்கு ஒரு தடவை, தபசுத் திருவிழாவுக்கு ஊரே ரோட்டில் நிற்கிற ஆடி மாதத்தில், நாலு வார லீவில் வருவாள். அதில் ஒரு வாரம் கரிவலம்வந்தநல்லூரில் அவளுடைய அம்மா வீட்டுக்குப் போய்விடும். அப்படி ஐந்து வருஷம்.

நான் வந்த மூன்றாம் மாதமே அவள் அந்த வீட்டைக் காலி செய்துவிட்டு, கேரளாக்காரிகளான இரண்டு நர்ஸுகளோடு ஒரு மாடி வீட்டுக்குக் குடிபோனாள். தனியாக அவ்வளவு பெரிய வீடு எதற்கு என்றாள். சரிதான் என்றேன்.

"செடியை என்ன செஞ்ச?"

"கூடவே கொண்டாந்துட்டேன். கீழே கட்டடத்துக்குப் பின்னால வச்சிருக்கேன்."

அதன்பிறகு போனில் என் முதல் கேள்வி அதுதான். முளை வந்ததா, எத்தனை இலை, நத்தை கடித்ததா? அவளும் சலிக்காமல் சொல்வாள். கோடையில் போட்டோ அனுப்புவாள், இலையை ரொம்பக் கிட்டத்தில் வைத்து எடுத்தது. கடையில் மோட்டார் காயில் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கிரீஸ் கையால் திரையைத் தொட்டுப் பெரிதாக்குவேன். அந்தப் படத்தில் எங்காவது ஓரத்தில் அவள் விரலோ, செருப்போ தெரிகிறதா என்று தேடியிருக்கிறேன். தெரிந்ததில்லை.

மூன்றாவது வருஷம் எனக்கு ஒரு யோசனை வந்தது. இங்கேயே ஒன்றை வளர்த்து, அவள் வரும்போது காட்டினால் என்ன? அவளுக்குச் சொல்லக்கூடாது. டார்ஜிலிங் பக்கம் ஒரு நர்சரியில் நீல இலை ஹோஸ்டா கிடைக்கும் என்று இணையத்தில் பார்த்து வரவழைத்தேன். தென்னை நார்க்கழிவில் சுற்றிய கிழங்கு, இஞ்சித்துண்டு மாதிரி. செம்மண்ணும் மக்கிய இலையும் கலந்து நட்டேன். மூன்று இலை வந்தது. மூன்றும் பச்சை. ஓரமெல்லாம் அப்பளம் பொரிந்த மாதிரிக் கருகிப் பதினைந்து நாளில் போய்விட்டது. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "முட்டைக்கோஸா தம்பி? நம்ம ஊருக்கு அது வராதே" என்றாள்.

போர்வெல் தண்ணீர்தான் கொன்றது என்று பிறகு புரிந்தது. எங்கள் தெருப் போர் தண்ணீரில் குளித்தால் சோப்பு நுரைக்காது. வாளியில் வெள்ளையாக உப்புப் படியும். இரண்டாவது கிழங்கு வாங்கியபோது அப்பாவுக்காக வாங்கும் கேன் தண்ணீரை ஊற்றினேன்.

"ஏலே, குடிக்கதுக்குக் காசு குடுத்துத் தண்ணி வாங்குதோம். அதைக் கொண்டு செடிக்கு ஊத்துதான் பாரு!" என்று அப்பா கட்டிலிலிருந்து சத்தம் போட்டார். அவர் படுத்திருந்த இடத்திலிருந்து ஜன்னல் வழியாக அந்தத் தொட்டி தெரியும்.

அதன்பிறகு வேறு வழி கண்டுபிடித்தேன். படுக்கைப்புண் வராமலிருக்க அப்பா அறைக்கு ஏசி போட்டிருந்தோம். அதன் குழாயிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பே கிடையாது. அடியில் ஒரு வாளி வைத்தேன். ஒரு நாளைக்கு முக்கால் வாளி சேரும். வீட்டுக்கும் பக்கத்து மதிலுக்கும் நடுவே ஓராள் நடக்கிற சந்து, அங்கே வருஷம் முழுக்க வெயில் விழாது. மண்தொட்டியை அங்கே வைத்து, அதைவிடப் பெரிய தொட்டிக்குள் இறக்கி, இடைவெளியில் மணல் நிரப்பி, மணலை ஈரமாக வைத்தேன். பானைத் தண்ணீர் குளிர்கிற அதே கணக்கு. இந்தத் தடவை செடி பிழைத்தது. ஆனால் வருஷம் முழுக்க நோஞ்சானாக, உள்ளங்கை அளவு இலையோடு, சாம்பலும் இல்லாத பச்சையும் இல்லாத நிறத்தில் நின்றுகொண்டிருந்தது. ஆடியில் அவள் வந்தபோது அதைப் பின்னால் கோணிக்கடியில் மறைத்து வைத்தேன். காட்ட வெட்கமாக இருந்தது.

அதற்குத் தூக்கம் இல்லை என்பதுதான் குறை. தபால்காரர் சொன்னது ஒருநாள் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போது நினைவுக்கு வந்தது. அயர்லாந்தில் நான் பார்த்தது காய்கறி குளிர்பதனக் கிடங்கில் பெட்டி அடுக்குகிற வேலை. ஒரு மூலையில் பூக்கிழங்குகள் மாதக்கணக்கில் இருட்டில், குளிரில் கிடக்கும். வெளியே எடுத்ததும் முளைக்கும். சங்கரன்கோவிலில் குளிர்காலம் ஏது? ஃப்ரிட்ஜில்தான் இருக்கிறது.

ஐப்பசி முடியும்போது தண்ணீரைக் குறைத்து, இலை வாடியதும் கிழங்கைத் தோண்டி மண்ணைத் தட்டிவிட்டு, ஈர நார்க்கழிவில் பொதிந்து, ஓட்டை போட்ட பாலிதீன் பையில் கட்டி, ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டில் வைத்தேன். மேல் தட்டில் அப்பாவின் இன்சுலின். பழுக்கிற பழம் பக்கத்தில் இருந்தால் முளை கெட்டுப்போகும் என்று படித்ததால் ஆப்பிளையும் வாழைப்பழத்தையும் வெளியே எடுத்தாயிற்று.

அப்பாவுக்கு அதைத் தாங்க முடியவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் முறையிட்டார். "அண்ணாச்சி, கேட்டீரா? செடியைக் கொண்டு ஃப்ரிட்ஜ்ல வச்சிருக்கான். பழத்தைத் தூக்கி வெளிய போட்டுட்டான்."

ஆனால் கரண்ட் போனால் முதலில் கூப்பிடுவதும் அவர்தான். "ஏலே, ஃப்ரிட்ஜைத் திறக்காத. ஐஸ் பாட்டிலைக் கீழ்த்தட்டுல வையி." இன்சுலினுக்காகத்தான் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் மதியம் கஞ்சி கொடுத்துக்கொண்டிருக்கும்போது, "இது யாருக்குலே?" என்று கேட்டார்.

"எது?"

"அந்தக் கிழங்கு."

"அவளுக்கு. அங்க வச்சிருந்தது மாதிரி."

அவர் வாயைத் துடைக்கச் சொல்லிச் சைகை காட்டினார். துடைத்தேன். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "நான் ஒருத்தன் குறுக்க கிடக்கேன்" என்றார். நான் கிண்ணத்தைக் கழுவப் போய்விட்டேன்.

அடுத்த லீவு ஆடியில் இல்லை, அதற்கு முன்னால் மாசியிலேயே என்றாள். எனக்கு அது நல்லதாகப் போயிற்று. தை பிறந்ததும் கிழங்கை வெளியே எடுத்தேன். அழுகியிருக்கும் என்றுதான் பையை அவிழ்த்தேன். உறுதியாக இருந்தது. நுனியில் அரிசி அளவுக்கு ஊதாவாக ஒரு புள்ளி. சந்தில் தொட்டியில் நட்டு, ஏசி தண்ணீரை விரலால் தெளித்தேன். பத்தாம் நாள் கொம்பு வெளியே வந்தது. ஒன்று, பிறகு இரண்டு. அப்பா காலையில் கண் விழித்ததும் கேட்பார், "அடுத்த கொம்பு வந்துட்டா?" நாலு கொம்பும் சுருள் பிரிந்து நாலு இலையானபோது, கடைக்குப் போகாமல் அரைநாள் அதன் பக்கத்தில் குந்தியிருந்தேன். நீலம். சின்ன இலைதான், வெற்றிலையைவிடக் கொஞ்சம் பெரிசு. ஆனால் அதே நீலம். மூச்சு பட்டாலும் கரைந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

அவள் வந்த அன்று சாயங்காலம், குளித்துவிட்டு, அப்பாவிடம் கொஞ்சநேரம் பேசிவிட்டு வந்ததும், "ஏட்டி, இங்கன வா" என்று சந்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அவள் பார்த்தாள். குனிந்து, தொடாமல், பார்த்துக்கொண்டே இருந்தாள். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். எப்படிச் செய்தேன் என்று கேட்பாள், ஃப்ரிட்ஜ் கதையைச் சொல்லலாம் என்று வரிசையாக யோசித்து வைத்திருந்தேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"எதுக்கு அழுத? என்ன?"

"அந்தச் செடி எங்கிட்ட இல்லங்க."

எனக்கு விளங்கவில்லை.

"வீட்டைக் காலி பண்ணும்போதே தபால்காரர்கிட்டக் குடுத்துட்டேன். மூணாம் மாடில செடியை எங்க வைக்க? கீழயும் கார் நிறுத்துத இடம்தான். மண்ணே கிடையாது."

"அப்ப போட்டோ?"

"லீவு அன்னைக்கு ரெண்டு பஸ் மாறிப் போய் எடுப்பேன். அவரு கதவைத் திறந்து விடுவாரு. டீ குடுப்பாரு. எடுத்துட்டு வந்துருவேன்."

"அஞ்சு வருஷமா?"

"ஆமா."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஏமாந்த கோபம். ஐந்து வருஷமாக நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அவள் சொன்ன இலைக்கணக்கு காதில் ஓடியது. "சொல்லிருக்கலாம்லா?" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. ஜன்னலுக்கு அந்தப்பக்கம் அப்பா இருமினார்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "எப்படிச் சொல்ல? போனை எடுத்ததும் நீங்க முதல்ல அதைத்தான் கேக்கீங்க. நான் சாப்பிட்டேனா தூங்கினேனான்னு கேக்கது அதுக்கு அப்புறம். அந்த வீட்டை நீங்க மனசுல அப்படியே வச்சிருக்கீங்க. பின்வாசல், தொட்டி, எல்லாம். நான் ஒருத்தி சொல்லி அதைக் கலைக்கணுமா?"

"நான் உனக்காகத்தான் கேட்டேன். உனக்கு அது உசுருன்னு."

"எனக்கு அது செடி. நீங்க அங்க இருந்தப்ப பிடிச்சிருந்துச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க போனதுக்கு அப்புறம் அதைப் பாக்கவே பிடிக்கல. உங்களுக்குப் போட்டோ அனுப்பணுமேன்னுதான் போவேன்."

நாங்கள் இரண்டு பேரும் சந்தில், அந்தப் பக்கச் சுவரில் ஒருவர், இந்தப் பக்கச் சுவரில் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தோம். கால் நீட்டினால் இடித்துக்கொள்ளும். வாளியில் தண்ணீர் சொட்டுகிற சத்தம். அவள்தான் மறுபடி பேச்சை எடுத்தாள்.

"நாம நாள் எண்ணிக்கிட்டிருக்கோம். எதுக்காக எண்ணுதோம்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மாமா நல்லா இருக்கணும்னு சாமி கும்பிடுதேன். கும்பிடும்போதே, அப்படின்னா நாம எப்ப ஒண்ணா இருக்கதுன்னு ஒரு நினைப்பு வந்துருது. வந்ததும் கன்னத்துல போட்டுக்கிடுதேன். அதை வாய்விட்டுச் சொல்ல முடியல. அதுக்குத்தான் இலை எண்ணிக்கிட்டிருந்தோம்."

எனக்கும் அந்த நினைப்பு வந்திருக்கிறது. அப்பாவைப் புரட்டிப் படுக்க வைக்கும்போது, அவர் என் கழுத்தை ஒற்றைக் கையால் கட்டிக்கொண்டிருக்கும்போது வந்திருக்கிறது. அதை யாரிடமும் சொன்னதில்லை. அவள் சொன்ன பிறகு, "எனக்கும்தான்" என்று மட்டும் சொன்னேன். ஆனால் கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவளிடம் அவ்வளவு உண்மையாக நான் ஒன்றும் சொன்னதில்லை என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலையில் அப்பா அவளைக் கூப்பிட்டார். நான் அடுப்படியில் இருந்தேன். "தாயி, அவன் வச்ச செடியைப் பாத்தியா?" என்று கேட்பது காதில் விழுந்தது.

"பாத்தேன் மாமா. நல்லா வந்திருக்கு."

"ரெண்டு மாசம் எனக்குக் குளுந்த பழமே கிடையாது தெரியுமா? கொதிக்கிற பழத்தைத் திங்கணும்னு என் தலையெழுத்து." அவள் சிரித்தாள். நாலு வாரமும் அவள்தான் அவருக்கு ஊசி போட்டாள். தொழில் தெரிந்த கை, அவருக்கு வலிக்கவில்லையாம். என் கை ஆணி அடிக்கிற கை என்றார்.

கிளம்புகிற நாளுக்கு முந்தின நாள் அவள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள், "ஒரு வருஷம். அதுக்குள்ள இங்க திருநெல்வேலி பக்கம் வேலை பாக்கேன். சம்பளம் குறையும். பரவால்ல. நாம யாருக்காகவும் காத்துக்கிட்டு இருக்கக்கூடாது. நான் வந்துருதேன்." வேண்டாம், நீ சம்பாதித்த இடம், பேர் வாங்கிய இடம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. பெட்டியின் மேல் உட்கார்ந்து அமுக்கினேன், அவள் ஜிப்பை இழுத்தாள்.

அவள் போய்ப் பத்து நாளில் பங்குனி வெயில் ஏறியது. சந்தில் நிழல்தான், ஆனால் காற்றே கொதித்தது. நீலம் இலை நுனியிலிருந்து மெல்ல உருகி, சித்திரை பிறப்பதற்குள் முழுப் பச்சையாயிற்று. மாவுப்பூச்சி வந்தது. வேப்பெண்ணெய் தெளித்தால் பூச்சி போகும், மிச்சமிருக்கிற மெழுகும் சேர்ந்து போகும். தெளித்தேன். வைகாசியில் ஒரு கோடைமழைக்குப் பிறகு தூரைத் தொட்டுப் பார்த்தேன், கொழகொழவென்று கையோடு வந்தது. கிழங்கு அழுகிவிட்டது. அன்றைக்கே அவளுக்குப் போன் செய்து சொன்னேன்.

"சரி. என்ன செய்ய" என்றாள். "தபால்காரர் வீட்டுச் செடி எப்படியிருக்குன்னு பாத்துட்டு வரவா?"

"வேண்டாம். நீ லீவு அன்னைக்குத் தூங்கு."

மூன்றாவதாக நான் வாங்கவில்லை. தொட்டியில் பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த கற்பூரவள்ளி நிற்கிறது. அப்பாவுக்குச் சளி பிடித்தால் இரண்டு இலை கிள்ளுவோம். ஃப்ரிட்ஜுக்குள் பழம் திரும்ப வந்துவிட்டது. அப்பா போன ஆடியில் எண்பது முடித்தார்.

அவள் சொன்ன ஒரு வருஷத்தில் இது எட்டாவது மாதம். இப்போது போனில் அவள் என்ன சமைத்தாள், கூட இருக்கிற பெண் எதற்குக் கோபித்துக்கொண்டாள், முதுகுவலி எப்படியிருக்கிறது என்றெல்லாம் கேட்கிறேன். கேட்டுவிட்டு வைத்தால் முன்னைவிட அதிகமாக அவள் வேண்டியிருக்கிறது. முன்பு தேடியது ஒரு பின்வாசலை. இப்போது தேடுவது அவளை. கட்டிலில் அவள் படுக்கும் பக்கத்தில் அப்பாவின் மடித்த துணிகளை அடுக்கி வைத்திருந்தேன். போன வாரம் அதையெல்லாம் எடுத்து அலமாரியில் வைத்தேன். இடம் காலியாக இருப்பது கஷ்டமாகத்தான் இருக்கிறது, இருக்கட்டும்.

நேற்று அவளுக்குத் திருநெல்வேலியில் ஓர் ஆஸ்பத்திரி நேர்காணல், வீடியோவில். முடிந்ததும் கூப்பிட்டாள்.

"என்ன கேட்டாங்க?"

"அங்கன இவ்வளவு நல்ல வேலையை விட்டுட்டு எதுக்கு வாரீங்கன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"வீட்டுக்காரர் சங்கரன்கோவில்ல இருக்காருன்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"எழுதிக்கிட்டாங்க."

அப்பா உள்ளேயிருந்து, "யாருலே போன்ல, தாயியா? எப்ப வாராளாம்?" என்று கேட்டார். இன்னும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, போனை அவர் காதில் கொண்டுபோய் வைத்தேன்.